இடுப்பில் துப்பாக்கி, கையில் கறிவேப்பிலை

1

“ஏண்டி சரசு, உனக்கு ஊட்டுல சோலியே கெடையாதா? மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு பாக்கறத உட்டுப்போட்டு, அமெரிக்காவுல எவன் இடுப்புல என்ன தொங்குதுன்னு கேக்கறே. தெரிஞ்சு என்ன பண்ணப்போறே? நல்லேப்பிள்ளி பஞ்சாயத்துல தீர்மானம் போடப்போறியா?”

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் சரசு எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வேலிதான். அந்த வேலியில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் அவள் காது வைத்து வைத்து உண்டானவை.

“இல்லீங்கக்கா, உங்களையத் துப்பாக்கியோட போலீஸ் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்கன்னு கொழிஞ்சாம்பாறையில பேசிக்கறாங்க. கேட்டதுல இருந்து ஒரே வெசனமா இருக்குது, அதான்…” என்றாள்.

வெசனமாம், கவலையாம். குரலில் கல்யாண வீட்டுப் பாயசம் வழிந்தது.

அவளுக்கு மட்டும் சொன்னால் சேதி பக்கத்துச் சித்தூர் போய்ச் சேருவதற்குள் நான் நாலு பேரைச் சுட்டுவிட்டிருப்பேன். அதனால் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். நான் சொல்லச் சொல்ல மருமகள் கவிதா கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் மரியாதையாக இருக்காது என்று அவளே நல்ல தமிழாக்கிவிடுகிறாள். வைததை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். மகன் செந்திலிடமும் கேட்டாயிற்று. “போட்டுக்குங்க. இங்க எவன் தமிழ் படிக்கறான்?” என்றான்.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் இந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதுநாள் வரைக்கும் அதைச் சட்டைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது சட்டம் மாறிவிட்டது. வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாமாம். கவிதா மூன்று தடவை சொல்லியும் எனக்கு ஏறவில்லை. மறைத்து வைத்த சாமான் வெளியே தெரிந்தால் எங்கள் ஊரில் “துணி விலகியிருக்குது பாரு” என்று சாடை காட்டுவோம். அதற்கு ஒரு சட்டமா?

சட்டம் மாறின அடுத்த வாரமே என் மகன் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். நாற்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் வேலை, கழுத்து வலி. சோற்றுக்கு உட்கார்ந்தால் அந்தச் சாமான் நாற்காலிக் கையில் இடிக்கும். அதனால் மூலம் வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாப்பிடுவான். வேலை பார்க்கும் இடத்தில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை பகலெல்லாம் அது அலமாரியில் ஒரு பூட்டுப் பெட்டிக்குள் தூங்கும். சாயங்காலம் வந்ததும் எடுத்துக் கட்டுவான். அதாவது அவன் துப்பாக்கியைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள் பெண்டாட்டி, பெண், பெற்ற தாய், அப்புறம் காய்கறிக் கடைக்காரர். உலகத்தில் வேறு எதிரி அவனுக்கு இல்லை.

2

ஞாயிறு மத்தியானம் எங்கள் கராஜில் துப்பாக்கிக்காரர்கள் கூடுவார்கள். கூட்டம் என்றால் மூன்று பேர். என் மகன், அவனுடைய சிநேகிதன் கோபி, எதிர்வீட்டு வால்டர். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். இங்கிலீஷ் பேச்சில் பாதியைக் கவிதா சொல்லுவாள். மீதியை மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கோபி பொள்ளாச்சிக்காரன். அவன் அக்காவைக் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சரசுவுக்குச் சேதி போன வழி இப்போது தெரிந்திருக்கும். செந்திலைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனதும் இவன்தான். சட்டம் மாறின மறுநாளே இடுப்பில் கட்டிக்கொண்டு இந்தியக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்தான். இடுப்பில் துப்பாக்கி, கையில் கறிவேப்பிலை, காலில் ரப்பர் செருப்பு. அதைப் போட்டோ வேறு பிடித்து வைத்திருக்கிறான்.

“எதுக்கு சாமி இது வெளிய தெரியோணும்?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சாத்தானுங்கம்மா பயம் வரும். பாத்தாலே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். திருடன் மறைச்சு வெச்சுக்குவான், நல்லவன் தெரியறாப்பல வெச்சுக்குவான். அதுக்குத்தான் இந்தச் சட்டமே.”

“இதுக்கு முந்தி மட்டும் உன்ற கிட்ட யாரு வந்தா? ஆறு வருசமா பொண்ணு பாக்கறாங்க, ஒருத்தியும் வர்லியே.”

“அம்மா, சும்மா இருங்க” என்றான் செந்தில்.

“நான் சும்மாதான் இருக்கறேன். என்ற இடுப்புல என்ன இருக்குது, சுருக்குப் பை. ஏன் கோபி, என்ற தங்கச்சிய மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டுல குடுத்திருக்குது தெரியுமல்ல? அவ இருக்கற லயத்து ஊட்டு வாசல்ல ஒருநாள் ஆனை வந்து நின்னுது. அவ இடுப்புல சாவிக்கொத்துதான் இருந்துச்சு. ஆனை அவளப் பாத்துது. அவ ஆனையப் பாத்தா. கதவச் சாத்திப்போட்டு உள்ள போயிட்டா. ஆனையும் போயிருச்சு. அவ்வளவுதான்.”

“அது ஆனைங்கம்மா. இங்க மனுசன்.”

“ஆனைக்கு இருக்கற புத்தி இல்லீங்கறே.”

வால்டர் எழுபது தாண்டினவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பத்து வயதிலிருந்து மான் வேட்டை. வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று அவருக்கே சட்டென்று சொல்ல வராது. கட்டினால் சட்டைக்குள்தான் கட்டுவார், ஒரு சுருக்கம்கூடத் தெரியாது. அவர் சொன்னதைக் கவிதா இப்படிச் சொன்னாள்: துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு நிற்பவன் முட்டாள். ஏதாவது கலாட்டா என்றால் எதிராளி முதலில் சுடுவது அவனைத்தான். ஆனால் காட்டக் கூடாது என்று சொல்ல அரசாங்கத்துக்கு உரிமை கிடையாது. அந்த வரைக்கும் சட்டம் மாறினது சரிதான்.

“அப்ப, முட்டாளாகறதுக்கு உரிமை வேணும்ங்கறாரு” என்றேன். கவிதா அதை மொழிபெயர்த்துவிட்டாள். கெட்டிக்காரி. வால்டர் டீ புரையேறச் சிரித்து, ஆமாம் ஆமாம் அதேதான் என்று தலையாட்டினார்.

இன்னொரு துப்பாக்கிக்காரி பக்கத்து வீட்டு டெனிஸ். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் தனியாக நடக்க வேண்டியிருப்பதால் கைப்பையில் ஒன்று வைத்திருக்கிறாள். முறையாக வகுப்புக்குப் போய்ச் சுடக் கற்றவள். அவளுக்கு இந்தச் சட்டமே ஆகாது. இடுப்பில் தொங்கினால் பின்னாலிருந்து எவன் வேண்டுமானாலும் உருவலாம் என்றாள். வகுப்புக்கே போகாதவனும் கட்டலாம் என்றால் திருடனுக்குப் பயப்படுவதை விட அவனுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொல்லிவிட்டு, எங்கள் கராஜைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். வெந்தும் வேகாத பருப்பை நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை.

3

துப்பாக்கியே பார்க்காதவள் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒற்றைக் குழல், லைசென்ஸ் உள்ளது. வயலில் பன்றி இறங்கும், அதற்காக. என் வீட்டுக்காரர் லைசென்ஸ் புதுப்பிக்கப் பாலக்காட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போவார். “எந்தினா தோக்கு?” என்று மலையாளத்தில் கேட்பார்கள். எதற்குத் துப்பாக்கி என்று. இவர் “பன்னி” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பரீட்சைக்குப் போன பையன் மாதிரி நிற்பார்.

அதை அவர் எப்படிக் கொண்டுபோவார் தெரியுமா? குழல் தனி, கட்டை தனி என்று இரண்டாகக் கழற்றி, ஒன்றைக் கிழிந்த குடைத் துணியிலும் இன்னொன்றை உரச்சாக்கிலும் சுற்றிக்கொண்டு, திருட்டுக் கிழங்கு தோண்டினவர் மாதிரி வரப்போரமாகப் போவார். தெரியும்படி எடுத்துப்போனால் ஊரே கேட்கும்: “பன்னிக்கா, பங்காளிக்கா?” அந்தக் கேள்விக்கு ஒரு மானமுள்ள மனிதன் என்ன பதில் சொல்லுவான்?

இத்தனை மறைத்தவர் பெரிய வேட்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயுசுக்கும் சுட்டது மூன்று. மோட்டார் கொட்டகைக் கூரை ஒன்று, பலாப்பழம் ஒன்று, பன்றி ஒன்று. அந்தப் பன்றியையும் வனத்துறை ஆட்கள் வந்து, குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட்டார்கள். சட்டம் அப்படி. குழியைச் சுற்றி ஊரே நின்றது. அவ்வளவு கறியும் மண்ணுக்குப் போவதைப் பார்த்து அன்றைக்குக் கண் கலங்காத ஆண்பிள்ளை இல்லை. சொந்த அப்பன் செத்ததற்குக்கூட அவர்கள் அப்படி நிற்கவில்லை.

எலெக்‌ஷன் என்று அறிவித்தால் இன்னொரு கூத்து. லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பஞ்சாயத்து, சட்டசபை, பார்லிமெண்ட் என்று கேரளத்தில் எலெக்‌ஷனுக்கா பஞ்சம்? டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் குதிப்பார்கள். “பன்னிக்கு ஓட்டு இருக்குதா? எலெக்‌ஷனுக்கும் பன்னிக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தடவை துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தபோது கதிர் முற்றின வயலில் ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். பன்றிகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு குதித்தவர்கள் கடைசித் தேதிக்கு முன்னாடியே சாக்கில் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஏட்டு ஒரு அட்டையில் பேரெழுதிச் சணலில் கட்டி, ரசீது கொடுப்பார். வீரர்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார்கள். அந்த ஒரு மாதம் எங்கள் தெருவில் பெண்கள் எல்லாம் நிம்மதியாக இருப்போம். குடித்துவிட்டுக் குரல் உயர்த்துகிறவன்கூட அந்த ஒரு மாதம் வெறும் குரலோடு நிறுத்திக்கொள்வான். எலெக்‌ஷனால் எனக்குத் தெரிந்து நடந்த ஒரே நன்மை அதுதான்.

4

இப்போது என் பேத்தி மித்ராவுக்கு வருகிறேன். அவளுக்கு எட்டாவது பிறந்தநாள் போன சனிக்கிழமை. வகுப்பிலிருந்து ஏழு குழந்தைகளைக் கூப்பிட்டிருந்தாள். முதல் பெயர் பக்கத்து வீட்டு எமி. டெனிஸின் மகள். இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி.

இந்தப் பிள்ளைக்குத் தமிழ் நழுவிக்கொண்டே போகிறது. என்னை “ஆத்தா” என்று கூப்பிடுகிற ஒரு வார்த்தை மட்டும் சுத்தமாக இருக்கிறது. மற்றபடி மாடு, மனுஷன், மரம் எல்லாவற்றுக்கும் ‘வருது, வராது’ என்று ஒரே முடிவுதான். அந்த வாரத் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

“ஆத்தா, எமி வராது.”

“ஏன் கண்ணு? காய்ச்சலா?”

“டாடி கன் போட்டிருக்கு. எமியோட மம்மி நோ சொல்லிச்சு. லூகாஸ் வராது. அன்னா வராது. யாருமே வராது.” பிறகு நிமிர்ந்து, “டாடி ஒரு நாள் கழட்டுமா ஆத்தா? ஒரே ஒரு நாள்?” என்றது.

கவிதா போனைக் காட்டினாள். ஏழு பேரில் ஐந்து பேர் வீட்டிலிருந்து வர முடியாது என்று பதில் வந்துவிட்டது. எல்லாம் மரியாதையான சாக்குகள். டெனிஸ் மட்டும் நேராக வேலிக்கு வந்து சொல்லிவிட்டாள்: “அது தொங்குகிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் இவன் சாய்ந்து உட்கார்ந்து தோசை தின்னும்போது பிடித்தேன்.

“சனிக்கிழமை மட்டும் அதக் கழட்டி வெய்யி செந்திலு.”

“அந்த டெனிஸ் பையில வெச்சிருக்கறா. நான் இடுப்புல வெச்சிருக்கறேன். இதுல என்னங்கம்மா வித்தியாசம்? அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? இது என்ற உரிமை.”

“உரிமைய வெச்சுக்கிட்டுப் பொறந்தநாள் கேக்கு முழுசையும் நீயே வெட்டித் தின்னப்போறியா? ஏழு கொளந்தைகளோட பங்கையும் சேத்துத் தின்னு. அப்பறம் பெல்ட்டுல ஓட்டை பத்தாது.”

தட்டைத் தள்ளிவிட்டான். அப்புறம்தான் வாயைத் திறந்தான். போன மாதம் பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவன் இவன் காலடியில் துப்பிவிட்டு, உன் நாட்டுக்கே போடா என்று கத்தியிருக்கிறான். மித்ரா பின்சீட்டில். இவன் கையில் பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான். காரில் ஏறினதும் அந்தப் பிள்ளை கேட்டதாம்: “டாடி, ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?”

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்த நக்கல் திரும்பிப் போய்விட்டது. தோசை சட்டியில் கருகினது.

“அன்னைக்கு இது உன்ற இடுப்புல இருந்திருந்தா அவனச் சுட்டிருப்பியா?” என்று கேட்டேன்.

“இல்லீங்கம்மா.”

“அப்பறம்?”

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அவனுக்கா, பாப்பாவுக்கா?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கழற்றவும் இல்லை.

5

புதன்கிழமை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வால்டர் வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை முளைத்திருக்கிறது. அடுத்த வீட்டில் இன்னொன்று, வேறு நிறம். தெரு முழுக்கப் பேர் எழுதின பலகைகள்.

“எலெக்‌ஷனா கவிதா?”

“ஆமாங்கத்தை, அடுத்த மாசம்.”

“அப்பச் சரி” என்றேன்.

கவிதாவுக்கு அப்போதே புரிந்ததா என்று கேட்காதீர்கள். இதைத் தட்டிக்கொண்டிருப்பதே அவள்தான்.

வியாழக்கிழமை காலை மகன் ஆபீஸ் போனான். நான் அலமாரியிலிருந்து அந்தப் பூட்டுப் பெட்டியை எடுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஜவுளிக்கடைப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடினேன். சாவி அவனிடம். பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. தெருவைத் தாண்டி வால்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவு செய்தேன். “எலெக்‌ஷன். கன். போலீஸ். கிவ்.”

வால்டர் துண்டை விலக்கிப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கித் தன் வண்டியின் பின்பக்கம் வைத்தார். டெனிஸ் வீட்டுத் திரை கொஞ்சம் அசைந்தது. சரசுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், போலீஸ் உடுப்பில். வால்டர் விஷயத்தைச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டாள். கேரளா என்றேன். உடனே மொழிபெயர்க்கப் போனில் ஒரு மலையாளப் பெண்ணைப் பிடித்துவிட்டாள். தமிழச்சி என்று சொல்ல நேரமில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு குறையும் இல்லை.

“எந்தா அம்மே காரியம்?” என்று போன் கேட்டது.

“எலெக்‌ஷன் வந்நில்லே மோளே, தோக்கு ஏல்பிக்கான் வந்நதா” என்றேன். தேர்தல் வந்துவிட்டதே, ஒப்படைக்க வந்தேன் என்று.

போனில் அந்தப் பெண் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. அவளும் நம் பக்கத்துப் பிள்ளை, அவள் வீட்டிலும் யாராவது துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்கள். மொழிபெயர்த்தாள். போலீஸ்காரப் பெண், இங்கே அப்படிச் சட்டம் கிடையாது என்றாள். நான் கையை நடுங்கவிட்டேன். கொஞ்சம் கண்ணையும் சுருக்கினேன். “அப்ப இந்தக் கெழவி இதத் திரும்பத் தூக்கிட்டுப் போகோணும்ங்கறீங்களா? சரி, போறேன், வழியில எங்காச்சும் வெச்சு மறந்துட்டா என்னையக் கேக்காதீங்க” என்றேன். இதையும் போன் சொல்லியது.

உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தாள். பத்திரமாக வைத்திருக்க வாங்கிக்கொள்ளலாமாம். பிறகு படிவம். முன்பெயர், பின்பெயர். என் பாஸ்போர்ட்டில் பின்னால் இருப்பது ஊர்ப்பெயர். அதனால் அங்கே என்னை எல்லாரும் ‘மிசஸ் நல்லேப்பிள்ளி’ என்று கூப்பிட்டார்கள். ஒரு பஞ்சாயத்தே வந்து நிற்கிற மரியாதை எனக்கு. துப்பாக்கி யாருடையது, உங்களுக்கு அவர் என்ன வேண்டும், அவருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். “அவனுக்கு எதுதான் தெரியும்?” என்றேன். அந்தப் பதிலைப் படிவத்தில் எப்படி எழுதினார்களோ. பெட்டிக்கு ஒரு கோடு போட்ட சீட்டு ஒட்டினார்கள். சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், விசாரித்துத் திரும்பக் கொடுக்க ஏழெட்டு நாள் ஆகலாம் என்றார்கள்.

“ஒண்ணும் அவசரமில்லீங்க. நிதானமா விசாரிங்க” என்றேன்.

6

“இந்த ஊர்ல அப்பிடி ஒரு சட்டமே இல்லீங்கம்மா!”

சாயங்காலம் அலமாரிக்கு முன்னால் நின்று கத்தினான்.

“எனக்கு எப்பிடிடா தெரியும்? நான் நாலாங்கிளாசு.”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது.”

“தெரிஞ்சுதாங்கம்மா பண்ணிப்போட்டீங்க.”

ஸ்டேஷனில் கொடுத்த ரசீதை மேசைமேல் வைத்தேன். அதைத் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். சுத்த அப்பன் பிள்ளை. அதுவரைக்கும் எனக்கு ஒரே கொண்டாட்டம். மித்ரா எல்லா வீட்டுக்கும் மறுபடி அழைப்பு அனுப்பச் சொல்லி அம்மாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோபி போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செந்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“டேய், உங்கம்மா உன்ற துப்பாக்கியப் புடுங்கிக் கொண்டுபோய்ப் போலீஸ்ல குடுத்துட்டாங்களாமா? தெருவே பேசுதாமா? அட கெரகமே! நாளைக்கு ஸ்கூலுக்கும் அவங்களே கூட்டிட்டுப் போவாங்களா?”

சிரிப்பு. ஈரக்கையால் போனை அணைத்தான் என் மகன். காது மடல் சிவந்திருந்தது. கழுவின தட்டையே மறுபடி கழுவினான். குழாயைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அப்படியே நின்றான்.

பெட்ரோல் போடுகிற இடத்தில் இவன் எப்படி நின்றிருப்பான் என்று எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிந்தது. அன்றைக்குத் துப்பினவன் யாரோ. இன்றைக்கு நான். குடும்பத்தில் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்க இன்னொரு பிள்ளையைத் தெருவில் நிற்க வைத்திருந்தேன். இவன் ஸ்டேஷனிலிருந்து அதை மீட்டு வந்தால் இனி ஒரு வேளைகூடக் கழற்ற மாட்டான். அவமானப்பட்டவன் துப்பாக்கிக்கு எலெக்‌ஷன் கிடையாது.

நான் பாத்திரத் துண்டை எடுத்துத் துடைக்க நின்றேன். அவன் கழுவினான், நான் துடைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மறுபடி கூப்பிட்டதில் ஏழு பேரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றவர்களும் கூடவே வந்தார்கள், வேவு பார்க்க. டெனிஸ் எமியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று முதலில் என் மகன் இடுப்பைத்தான் பார்த்தாள். வெறும் பெல்ட். எமியின் கையை விட்டாள். அடுத்த நொடி இரண்டு பெண்களும் மாடிப்படியில் கத்திக்கொண்டு ஓடின. வால்டர் மூலையில் நின்றார். கோபியும் வந்தான், இடுப்பில் சாமானோடு, முகத்தில் இளிப்போடு, எப்போது ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு. செந்தில் கையில் எல்லாருக்கும் ஜூஸ் வைத்த தட்டு. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டெனிஸ் என்னிடம் வந்து, துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு நன்றி என்று கையைப் பிடித்தாள். எல்லார் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கோபி வாயைத் திறந்தான்.

தெருவில் நிற்க வைத்தவள்தானே அவனை உள்ளே கூப்பிட வேண்டும், நான் முந்திக்கொண்டேன். கவிதாவைப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நான் அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னது இதுதான். சரசு, நீயும் கேட்டுக்கொள்.

“எனக்கு எதுக்கு நன்றி? நான் வெறுஞ் சுமைகூலி. பாப்பா பொறந்தநாளுக்குக் கொளந்தைக வருது, இது ஊட்டுல வேண்டாம்னு சொன்னது அவன். ஆபீசுக்கு நேரமாயிருச்சுன்னு என்ற கையில குடுத்துட்டான். நானு வேண்டவே வேண்டாம்னு சண்டை போட்டேன். ஆம்பளை இடுப்புல ஒண்ணு இருந்தாத்தான் ஊர்ல நாலு பேரு மதிப்பாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். அவன் கேக்கலீங்க.”